சிங்கப்பூர் பேலில் காதர் பாயின் வெட்டு

மாதவரம் தோல் ஷெட்டில், தோல் ஊறுகிற குழிகளுக்கு நான் மேஸ்திரி. ஒருநாள் காலை, புதிதாக வந்த பேலின் கயிற்றை அறுத்து, கட்டைப் பிரித்து முதல் தோலை விரித்தேன். வாலடியில் கத்தியால் போட்ட இரட்டை வெட்டு, குறுக்கே இன்னொன்று. அடப்பாவி, இது காதர் பாய் போடுகிற வெட்டாச்சே!

காதர் பாய் எங்கள் ஷெட்டுக்குத் தரம் பார்த்துத் தோல் பொறுக்குகிறவர். வருஷா வருஷம் டாக்காவுக்குப் போய், தேறிய தோலில் அடையாளமாகத் தன் வெட்டைப் போட்டு அனுப்புவார். அங்கே தோல் கொட்டிக் கிடந்தது, பதனிடுகிற ஆள் இங்கே. நாடு இரண்டாகி டாக்கா அந்தப் பக்கம் போன பிறகும் ரயிலேறிப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். அப்படிப் போயிருந்தபோது இரண்டு சர்க்காரும் முறைத்துக்கொண்டன. பாஸ்போர்ட் இல்லாமல் ஆள் தாண்டக் கூடாது, தோலும் வரக் கூடாது என்றார்கள். எங்கள் குழிகள் பாதி காய்ந்தன. பாயிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி ஹாஜிரா தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து வந்து, ஷெட் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்கு வந்த அந்தப் பேல் மேலே பார்த்தால் சிங்கப்பூர் முத்திரை. முதலாளியிடம் ஓடினேன். மனுஷன் அசரவே இல்லை. டாக்கா தோல்தான், சிங்கப்பூர் சுற்றி வருகிறது, விலைதான் கூட என்றார். அப்படியானால் பாயையும் அதே வழியில் வரவழைக்கலாமே என்றேன்.

"தோலு சரக்கு, நைனா. அவுரு ஆளு," என்றார். "ஆளுக்கு அந்த வயி கெடையாது."

வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வயிற்றுப்பாடு, பேலிடம் திரும்பிப் போனேன்.

வெட்டு இருந்த வால் துண்டை அறுத்து ஹாஜிராவிடம் கொடுத்தேன். உப்பு, நாற்றம் எதையும் பார்க்காமல் விரலால் தடவினார்.

"உசுரோட கீறாரு," என்றார். துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "செத்த மாட்டுத் தோலு வந்துகீது. உசுரோட கீறவரு வர முடியாதாண்ணே?" என்று கேட்டார்.

அதன்பின் பேல் வரும்போதெல்லாம் முதலில் வாலடியைத்தான் பார்ப்பேன். பாயின் வெட்டு இருக்கும், வாசலில் ஹாஜிராவிடம் போய்ச் சொல்வேன். பிறகு ஒரு பேலைப் பிரித்தால், யாரோ போட்ட ஒற்றை வெட்டு. பேல் முழுக்கப் புரட்டினேன், எல்லாம் அதேதான்.

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: நாடுகள் முறைத்துக்கொண்டால் சரக்கு எப்படியாவது வந்துவிடும், ஆள்தான் மாட்டிக்கொள்வான். அன்றைக்கும் ஷெட்டில் வேலை நிற்கவில்லை. தோல் நல்ல தோல்தான் என்று முதலாளி குழியில் போடச் சொன்னார். வாசலில் ஹாஜிரா நின்றுகொண்டிருந்தார்.