பேரில்லாதவர்களுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும்

இதை எழுதலாமா கூடாதா என்று ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்டேன். தெய்வ காரியம்; தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயம். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் வேறு.

எங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை ஒரு பகல்தான் இருந்தது. பெயர் வைக்காத பிள்ளைக்குத் திதி கிடையாது என்று சொல்லி, பெரியவர்கள் வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் முக்கூடல் ஆற்றுக்குக் கிளம்பும்போது என் மனைவி எள் பொட்டலத்தைத் தந்துவிட்டு, ஏதோ கேட்க வந்தவள்போல நிற்பாள். கேட்கமாட்டாள்.

ஒரு வருடம், அமாவாசைக்கு முந்தின சாயங்காலம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். தடித்த புருவம், அகன்ற மூக்கு. எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முன்னால் குளிர் நாடுகளில் வாழ்ந்து, அடியோடு இல்லாமல் போனவர்களாம்.

"குரங்கா தாயி?"

"இல்லப்பா, மனுசங்கதான். செத்த பிள்ளையக் குழி தோண்டிப் படுக்க வச்சிருக்காவ. இப்ப அவங்க யாருமே இல்ல. ஆனா அவங்க ரத்தம் ஒரு சொட்டு நம்ம உடம்புலயும் ஓடுதாம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

மறுநாள் விடியலில் ஆற்றில் முங்கி எழுந்தேன். அக்கரை தெரியாமல் சாரல். அப்பா, தாத்தா பெயர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகு, தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயரிடம், "சாமி, இன்னும் சில பேருக்கு இறைக்கணும்" என்றேன்.

"கோத்திரம், பேரு சொல்லும்."

"தெரியாது. ரொம்பப் பழைய ஆளுக. குகையில இருந்தவங்க. வம்சமே அத்துப்போச்சு."

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்படியே டைனோசருக்கும் ஒரு கை இறைச்சிரும் வே!"

ஐயர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடைசில ஒரு கை உண்டுல்லா அண்ணாச்சி, ஆரும் இல்லாதவங்களுக்கு? அதுக்குப் பேரு வேண்டாம். பைய மனசுல நெனச்சுக்கிடும்."

வருடாவருடம் அந்தக் கையையும் இறைத்திருக்கிறேன். யாருக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணை மூடினேன். சாரலுக்குள், அக்கரை மருத மரங்களுக்கு நடுவே தோல் போர்த்தியவர்கள் நின்றார்கள். ஒருவருக்கும் அவசரமில்லை. தடித்த புருவக்காரி ஒருத்தி இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் சாடை அதற்கு இல்லை. என் விரலிடுக்கு வழியே எள் நழுவிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதன்முதலாகக் கேட்டாள்.

"யாருக்கெல்லாம் எறைச்சிய?"

"பேரில்லாதவங்களுக்கும்."

"நம்ம…"

"ஆமா."

அவள் முந்தானையால் என் ஈரத்தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு காக்காய்க்குச் சோறு வைக்கப் போனாள். வழக்கமான உருண்டைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று வைத்தாள்.

இதை யாரிடமாவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். கதை நன்றாக இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள். பெயர் இல்லாததால்தான் அந்தக் கடைசிக் கை அதற்கும் கிடைத்தது.