தறி நின்றது எனக்குக் கேட்கவில்லை

நகரியில் விசைத்தறி ஓட்டியே என் காது மந்தமாகிவிட்டது. பழைய காது மெஷினில் தறி இரைச்சல்தான் கேட்கும், பேச்சு புரியாது. ஸ்ரீ சிட்டியில் வேலை செய்யும் மகள் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய் டிஜிட்டல் மெஷின் வாங்கித் தந்தாள். அதைப் பொருத்திய பெண், "ஓயாத இரைச்சலை இதுவே கண்டுபிடிச்சுக் குறைச்சிடும் ஐயா. பேச்சு தெளிவா கேக்கும்" என்றார்.

அப்படியேதான் கேட்டது. பின்கட்டில் என் மனைவி செல்வி தறி ஓட்டினாலும், முன்னறையில் உட்கார்ந்து மகளோடு போனில் பேச முடிந்தது. மகளின் சிரிப்பைக் கேட்டே பல வருஷமாகியிருந்தது.

ஒரு மதியம் பேசிக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள். "இன்னா நைனா, தறி சத்தமே காணோம்? அம்மா துன்னுகினு கீதா?"

"அந்தச் சத்தம் எனக்கு எங்கம்மா கேக்குது?" என்று சிரித்தபடி எழுந்து போனேன்.

குறுக்கே ஓடும் நாடாவில் ஊடுநூல் தீர்ந்து தறி தானாக நின்றிருந்தது. பக்கத்தில் செல்வி விழுந்து கிடந்தாள். கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து திருப்பதிக்குப் போனபோது, "மெஷின்ல ஏதாவது மாத்தணுமா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"வேணாம்மா, பேச்சு நல்லாதான் கேக்குது" என்றேன். வீட்டில் பேசத்தான் ஆளில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.