தூரமோ?

வீட்டை விட்டுப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கமலநாயகி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. "தூரமோ?" என்று மட்டும் கேட்பாள். டுசல்டோர்ஃபுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், ஜெர்மன்காரரின் சட்டங்களையெல்லாம் மதித்தும், இந்த ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் உருத்திரமூர்த்தி பால் வாங்கப் போனாலும் தூரமோதான்.

மகன் கவிஷன் மலேசியாவின் சரவாக் கடலில், எரிவாயு எடுக்கும் மேடைகளில் குழாய்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளன். நாலு கிழமை கடலில், நாலு கிழமை வீட்டில். பெட்டியோடு வாசலுக்கு வருவான்.

"தூரமோ அப்பன்?"

"ஓம் அம்மா, தூரந்தான்."

திரும்பி வரும்போது மலேசியக் கோப்பிப் பொதிகள் கொண்டுவருவான். அவற்றைக் கமலநாயகி கோயிலில் பாதிப் பேருக்குப் பங்கிட்டுவிடுவாள். பிள்ளையின் பெருமை வயிற்றுக்குள் கிடக்குமா?

கவிஷனோடு வேலை செய்த லோறன்ஸ் என்ற மலேசியத் தமிழ்ப் பையன் ஒருமுறை விடுமுறைக்கு வந்து, அவள் அவித்த பிட்டைச் சுவைத்துச் சாப்பிட்டான். புறப்படும்போது அவனிடமும் தூரமோ என்றாள். அவன் சிரித்துக்கொண்டு மேடையின் பெயர் தொடங்கி, சரவாக்கின் மிரி நகரிலுள்ள தன் வீட்டுத் தெரு வரை ஒப்புவிக்க, அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் சலவை வேலை. அன்று மத்தியானம் மேசைவிரிப்புகளைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனவள், தொலைக்காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நடுக்கடலில் நெருப்பு. இரும்புக் கால்களில் நின்ற மேடை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழே ஓடிய எழுத்தில் சரவாக் என்றிருந்தது. கவிஷன் போன கிழமைதான் புறப்பட்டிருந்தான். விரிப்புகள் கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியாது.

மகனுக்கு அழைப்புப் போகவில்லை. கணவரை அழைத்துச் சொன்னாள்.

"அவன் எந்த மேடையிலை நிக்கிறான்?"

"தெரியாதப்பா."

"பெத்த தாய், ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

"வெளிக்கிடேக்கை எப்பிடிக் கேக்கிறது?" என்றாள். அவரும் கேட்டதில்லை.

அவள் வீட்டுக்கு ஓடிவந்தபோது உருத்திரமூர்த்தி மகனின் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: உங்கள் மகன் எங்களிடம் இல்லை, போன மாரிகாலத்திலேயே விலகிவிட்டார்.

கமலநாயகிக்குத் தலையில் இடி விழுந்தது. பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று மகிழ்வதா, இத்தனை மாதமும் பெட்டியோடு எங்கே போனான் என்று அலறுவதா?

பின்னேரம் கவிஷன் வாசலில் நின்றான். ஹம்பேர்க் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் மாதம் விட்டு மாதம் வேலையாம். கோப்பிகூட அங்குள்ள ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியதாம். ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு குழறினாள்.

"ஏனடா பொய் சொன்னனி?"

"பொய் சொல்லேல்லை அம்மா. தூரமோ எண்டு கேட்டியள், ஓம் எண்டன். கோயில் முழுக்கச் சொல்லிவைச்சிருந்தியள், எனக்கு வாய் வரேல்லை."

"ஒரு போன் எடுக்கேலாதோ?"

"லோறன்ஸுக்கு அடிச்சு அடிச்சே சார்ஜ் முடிஞ்சுபோச்சு." அவன் தரையில் குந்தினான். "எரிஞ்சது நான் நிண்ட மேடைதான். அங்கை ஒரு குழாய் துருப்பிடிச்சு மெல்லிசாப் போச்சு. உடனை மாத்துங்கோ எண்டன். பிறகு பாப்பம், நீ கையெழுத்தை வை எண்டாங்கள். ஏலாது எண்டுபோட்டு வந்திட்டன்."

"அப்ப லோறன்ஸ்?"

"எனக்குப் பிறகு அவன்தான் கையெழுத்து வைச்சவன். அவன்ரை பொம்பிளைக்குப் பிள்ளை பிறக்க இருந்தது, வேலையை விடேலாது எண்டான். அவன்ரை தாய்தான் போனிலை சொன்னவ, போயிட்டான் அம்மா."

கமலநாயகியின் கைகள் தாமாகவே காதுக்குப் போயின. லோறன்ஸ் சிரித்தபடி சொன்ன அந்த மேடையின் பெயரை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் விடிய, கவிஷன் அதே பெட்டியோடு வாசலுக்கு வந்தான். அவள் குறுக்கே வந்து பெட்டியின் கைபிடியைப் பிடித்தாள்.

"எங்கை போறாய்?"

உருத்திரமூர்த்தி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மிரிக்கு. லோறன்ஸின்ரை தாயிட்டை. பிறகு விசாரிக்கிற ஆக்களிட்டை, அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல."

"என்ன தெரு? வீட்டிலை ஆர் நிப்பினம்? எப்ப போய்ச் சேருவாய்?"

அவன் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொல்லி முடிக்கும்வரை அவள் கைபிடியை விடவில்லை.