அறுந்து விழாத காப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். விளக்கேற்றிக் கும்பிடும்போது எழுதத் தோன்றும், எழுந்ததும் வேண்டாம் என்று இருக்கும். அம்மன் பேரில் சொன்ன பொய் ஒன்று இதில் இருக்கிறது. சொன்னது என் அம்மா.

இன்று நான் சித்தி என்று கூப்பிடுகிறவரை அன்று சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். அப்பாவின் தம்பியாகப் பிறந்தவர். வருஷாவருஷம் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டி, சேலை உடுத்தி அம்மன் வேடம் போடுவார். அந்த நாட்களில் மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவே அவர் காலில் விழும். உப்பளத்திலிருந்து வரும் அப்பாவும் குளித்துவிட்டு வந்து, தம்பி காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வார். திருவிழா முடிந்தால் எல்லாரும் காப்பை அவிழ்த்து வேடத்தைக் கலைத்துவிடுவார்கள். நான் நாலாவது படித்த வருஷம், அவர் காப்போடும் சேலையோடுமே வீட்டுக்கு வந்தார். இனி இதுதான் நான் என்று சொல்ல வாய் வரவில்லை போலும். "அம்மன் இன்னும் உத்தரவு தரல" என்றார்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அம்மனை எதிர்க்கப் பயம்.

"சரி, கயிறு தானா அந்து விழட்டும். விழுந்த அன்னைக்கு வேட்டியக் கட்டணும். இல்லன்னா இந்த வாசல மிதிக்கப்பிடாது."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து முதலில் அந்த மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். கடைக்குப் போனால் அண்ணாச்சி கேட்பார்: "ஏளா, உங்க வீட்டு அம்மனுக்கு கோயிலுக்குத் திரும்பிப் போவ இன்னும் பஸ் கெடைக்கலியோ?" நின்றவர்கள் சிரிப்பார்கள். எல்லாரும் போன மாசம் காலில் விழுந்தவர்கள். அண்ணாச்சியும்தான்.

ஒரு சாயங்காலம் சித்தி பாத்திரம் துலக்கும்போது கயிறு அறுந்து சாம்பலில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, நான் எங்கன போவேன்?"

அம்மா பூக்கட்டும் நூலில் மிச்சமிருந்த துண்டை முறுக்கி, மஞ்சளை உரசித் தடவி, அம்மன் படத்தின் பக்கம் திரும்பாமலே கட்டிவிட்டாள். பழையதை அடுப்பில் போட்டாள். "ஏளா, நீ ஒண்ணும் பாக்கல."

ராத்திரி சித்தி சோறு பரிமாறினார். அப்பாவின் தட்டு விளிம்பில் ஈர மஞ்சள் பட்டது. அப்பா அதையே பார்த்தார்.

"இன்னும் அந்து விழலியா?"

"இல்ல, கெட்டியாத்தான் இருக்கு. அம்மன் விடல" என்றாள் அம்மா.

அப்பா அந்த மஞ்சளை விரலால் துடைத்தார், சாப்பிட்டார், எழுந்து போனார்.

மறுநாள் உப்பளத்திலிருந்து வந்தவர், மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அடுப்படியில் வைத்தார். கொஞ்சம் விரலி மஞ்சள், ஒரு புது நூல்கண்டு. வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மஞ்சள் குழம்புக்கு, நூல் பூக்கட்ட என்றுதான் நான் நினைத்தேன். அம்மா ஏன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை.

இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடி சொல்லுங்கள். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கவேண்டாம். அப்பாவையும் பெரிய மனுஷன் ஆக்கவேண்டாம். சாகும்வரை, சித்தி கையில் அந்தக் கயிறு இல்லாமல் அப்பா அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நூல்கண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.