சல்லிக் கோயில் வாசலில் தொலையாத சப்பாத்து

இடது சப்பாத்தின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. என் பெருவிரல் அதன் வழியாக எட்டிப் பார்த்து, துறைமுகத்துக்கு இன்றைக்கு என்ன கப்பல் வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, யாரோ ஒரு கப்பல்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த சிவப்புத் தோல் சப்பாத்து. வாங்கியபோது எனக்குப் பெரிதாக இருந்ததால் நுனியில் பஞ்சடைத்துத் தந்தார்கள். பிறகு அளவாகியது. பிறகு, மற்ற எல்லோருடைய கணக்கிலும், சின்னதாகிவிட்டது. என் கணக்கில் இல்லை. எனக்கு வயது ஐந்துகூட நிரம்பவில்லை என்றாலும் பிடிவாதத்தில் நான் ஓய்வூதியம் எடுக்கும் பருவத்தை எட்டியிருந்தேன். நித்திரைக்கும் அந்தச் சப்பாத்தோடுதான் போவேன். குதிக்கால் உரிந்து புண்ணாகியிருந்ததை யாருக்கும் காட்டாமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது என்று அப்பா வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். அம்மா சீனி தருவதாகச் சொன்னாள். சீனியைத் தின்றுவிட்டு மறுபடியும் பெட்டியை மூடினேன். அப்போதுதான் இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்க வேண்டும். கோயில் வாசலில் கழற்றி வைத்த செருப்புக் களவு போனால், ஆளைப் பிடித்திருந்த சனியனும் அதோடு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஆகவே சப்பாத்துக் கோயிலில் தொலைய வேண்டும். அழுகிற பிள்ளைக்குச் சொல்ல ஆறுதலும் ஆயத்தமாக இருக்கும்.

சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்து முத்துமாரியம்மன் கோயிலில் பொங்கல் நடந்த ஒரு நாள் என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காற்றுக்குப் பறந்துவிடாமல் அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு உள்ளே போனேன். தோல் சப்பாத்தைக் காற்று தூக்காது என்ற அறிவு எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா, “தேங்காய் வாங்கிக்கொண்டு வாறன்” என்று சொல்லி வெளியே போனார். தேங்காயோடு திரும்பியும் வந்தார். கும்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தால் கல் மட்டும் இருந்தது.

“கள்ளன் கொண்டு போயிட்டான் பிள்ளை. நல்லது, சனியன் துலைஞ்சுது” என்றாள் அம்மா.

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். மற்றவர்களின் செருப்புக் குவியலுக்கு நடுவில் சப்பாணி கொட்டி உட்கார்ந்தேன்.

“நீங்க ரெண்டு பேரும் போங்கோ. கள்ளன் வருமட்டும் நான் இருக்கிறன்.”

“கள்ளன் ஏனடி திரும்பி வாறான்?”

“அவனுக்கு அது காணாது. சின்னன். திருப்பித் தர வருவான்.”

செருப்பை எடுக்க வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். கருவாடு காயப்போடும் அக்கா ஒருத்தி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு விசாரித்தாள். விசயம் தெரிந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்கட அம்மாள் வாசலில களவோ? வள்ளத்தை, வலையைக் கரையில போட்டிட்டுப் படுக்கிற ஊர் இது. ஒரு குழந்தைப்பிள்ளையின்ர கிழிஞ்ச சப்பாத்தையோ எடுப்பம்? ஒருத்தரும் இடத்தை விட்டு அரக்கப்படாது. தேடுங்கோடா!”

அதற்குப் பிறகு நடந்தது திட்டத்தில் இல்லாதது. ஊர்ப்பெயர் போகிற விசயம் அல்லவா! ஆண்கள் கடலைக்காரனின் பெட்டியைக் கிளறினார்கள். சைக்கிள் கூடைகளைக் கவிழ்த்தார்கள். அப்பா, “விடுங்கோ, பழஞ்சப்பாத்துத்தானே” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். நான் விடவில்லை. “பழசில்லை! என்ர!” என்று குவியலுக்குள்ளிருந்து கத்தினேன். தேடுகிறவர்களுக்கு அது உற்சாகமாக இருந்தது.

அக்கா தேடவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா முருங்கைக்காய் மாதிரி மெலிந்தவர். கோயிலுக்கு வந்தவர் என்பதால் மேலில் சட்டையும் இல்லை. வேட்டியும், இடுப்பைச் சுற்றி ஒரு சால்வையும்தான்.

“தம்பி, உள்ள போகேக்க உங்களுக்கு வயிறு இல்லையே. இப்ப எப்பிடி வந்தது?”

“பொங்கல் சாப்பிட்டனான் அக்கா.”

“பொங்கல் இன்னும் பானையில இருக்கு.”

சனம் சிரித்த சிரிப்பில் கொடிமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. அப்பா சால்வையை அவிழ்த்தார். வலது சப்பாத்து முதலில் விழுந்தது. பிறகு, ஓட்டையோடு இடது. “எங்கட ஊருக்கெல்லோ கள்ளப்பட்டம் வாங்கித் தரப் பாத்தீங்கள்! நீங்களே பிள்ளையின்ர காலில போட்டுவிடுங்கோ” என்றாள் அக்கா. துறைமுகத்தில் பத்துப் பேரை வேலை வாங்கும் மனிதர், சுடுமணலில் குந்தியிருந்து எனக்குச் சப்பாத்து மாட்டினார். கால் உள்ளே போகவில்லை. வாரை அவிழ்த்து, குதிக்காலைத் திணித்து, எப்படியோ ஏற்றினார். அப்போது புண்ணைக் கண்டுவிட்டார்.

“நோகுதா பிள்ளை?”

“இல்லை.”

உயிர் போனது. ஆனாலும் பஸ் நிற்கிற இடம்வரைக்கும், வெற்றி பெற்ற தளபதியைப் போல, கொஞ்சம் நொண்டுகிற தளபதியைப் போல, முன்னால் நடந்தேன். அப்பா தூக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். இன்றைக்கும் என் பிள்ளைகள் என் பழைய பொருள் எதையும் எறிவதற்கு முன் என்னிடம் கேட்கிறார்கள். மரியாதை என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வேன். பயம் என்பது அவர்களுடைய கதை. எதுவாக இருந்தாலும், கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

அதன் பிறகு வீட்டில் சப்பாத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சில நாள் கழித்து ஒரு காலை, யாரும் சொல்லாமலே, பெட்டியிலிருந்த வெள்ளைச் சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எங்க பிள்ளை, சிவப்புச் சப்பாத்து?”

“அது எனக்குச் சின்னன் அப்பா” என்றேன், அவருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்லுகிறவள் போல. “உங்களுக்கு விளங்கேல்லையே?”

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

“ஓம் பிள்ளை,” என்றார் அப்பா. “இப்பதான் விளங்குது.”