வால் சக்கரம்

யாங்கோனில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கூடம். காட்டு வெளியிலும் ஆற்று மணலிலும் இறங்குவதற்கென்றே செய்த ஒற்றை எஞ்சின் விமானம் என் எதிரே நிற்கிறது. இந்த வகையில் மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். நிற்கிறது என்பதும் மரியாதைக்குச் சொல்வது. வால் சக்கரம் இல்லாமல் ஒரு தேக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

காவலாளி கோ இப்ராஹிம் இதே ஊரின் தின்கன்ஜூன் பேட்டைத் தமிழர். நான் சென்னையில் விமானக் கிடங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்றதும், கைலியை இறுக்கிக்கொண்டு நெருங்குகிறார். ஐயாவுக்கு இங்கே சயா.

“மழைக்கு முன்னால சக்கரத்துல நிக்கலைன்னா வெளியே தள்ளிடுவாங்க சயா. ரெண்டு மழை தாங்காது. உங்க ஊர்லயும் இதே பிளேன் இருந்துச்சாமே, ஒரு சக்கரம் கிடைக்காதா?”

இருந்தன, உறை பிரிக்காத வால் சக்கரங்கள் இரண்டு. விமானங்களைக் கழித்தபோது அவற்றையாவது வைத்திருக்கலாம் என்று ஒரு மெக்கானிக் கெஞ்சினார். கழிவுப் படிவத்தில் கெஞ்சலுக்குக் கட்டம் இல்லை என்று சொல்லி, மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டேன். அந்தப் பதிலை அன்று நானே ரசித்தேன்.

“எழுதிப் பார்க்கிறேன்” என்கிறேன். முப்பது வருடம் ஆட்களை வாசலுக்கு அனுப்பிய வாக்கியம்.

அது தெரியாத கோ இப்ராஹிம் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தாளும் பேனாவும் கொண்டுவருகிறார்.

“இப்பவே எழுதுங்க சயா. நான் நிக்கிறேன்.”

யாருக்கு எழுத வேண்டும், எத்தனை பிரதி வேண்டும், எல்லாம் தெரியும். அங்கே சக்கரம் இல்லை என்பதும் தெரியும். தேதியைப் போடுகிறேன்.