பின்னால் விடாத மூன்று பல்

தெருவில் அவருக்குச் 'சோதனை அதிகாரி' என்று பெயர். வேலை பார்த்ததென்னவோ தொழிற்சாலை ஸ்டோரில், சோதனையெல்லாம் வீட்டில்தான். மனைவி மூடிய கேஸ் அடுப்பை அவர் மறுபடி மூடுவார். அவள் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பூட்டுகூடத் திறந்துகொள்ளவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் இருந்த கிடங்கில் கணக்கு மேலாளர். வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போனால் பதவி, இல்லையென்றால் பழைய நாற்காலி. அவளும் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவர் வாங்கியது மூன்றாவது தேர்வில். இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் அவர் ஜாக்கியும் கையுமாகக் காரடியில் உட்கார்ந்தார்.

"பின்பிரேக் சரியில்ல. உன் உயிர் முக்கியமில்லயா?"

சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கை மூடியிருந்த டிரம் வரமாட்டேன் என்றது. சுத்தியலால் சுற்றிலும் தட்டி, அதன் பரம்பரையையே திட்டி உருவினார். உள்ளே கறுப்புத் தூசி, பிறை போல இரண்டு பிரேக் ஷூ, ஸ்பிரிங், ஒரு சின்னப் பல்சக்கரம். அதைத் திருப்பினால் ஷூ விரிந்து டிரம்மை நெருங்கும். துடைத்து, டிரம்மை மாட்டி, பின்தகட்டு ஓட்டைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுப் பல் பல்லாக நெம்பினார். மறுபக்கமும் அப்படியே. அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். கரகரவென்று கால் சுற்றுதான் வந்தது.

"என்னங்க, சுத்தவே மாட்டேங்குது?"

"பிரேக்னா பிடிக்கணும். விடறதுக்கா பிரேக்?"

மறுநாள் காலை, பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் கார் ஊர்ந்தது. சிக்னல் வருவதற்குள் கருகல் நாற்றம். பின்சக்கரம் இரண்டிலும் புகை. பக்கத்து பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பின்னாடி அடுப்பு ஏத்தியிருக்கீங்களா?"

கிடங்கிலிருந்து போன். "மொத நாளே இப்படியா மேடம்? நாளைக்காவது நேரத்துக்கு வந்துடுங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அவர் ஸ்கூட்டரில் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு உடனே வந்துவிட்டார், கூப்பிடுவாள் என்று காத்திருந்தவர்போல இஸ்திரி போட்ட சட்டையில்.

டிரம் ஆறியதும் மெக்கானிக் காருக்கடியில் புகுந்தார். "எவன் சார் இப்படி இறுக்கினது? தொழில் தெரியாத பயலா இருப்பான்."

அவர் முகம் சிவந்தது. எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுப்பாரா?

"யோவ், ஷூ உரச ஆரம்பிச்சதும் மூணு பல் பின்னால விடணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் சார் விடல?"

அவர் சாலையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

மெக்கானிக் பல்லைத் தளர்த்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். கார் வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தியா, எல்லாம் ஓட்டற கையில இருக்கு."

மாலையில் தம்பிக்குப் போன் போட்டார். "உங்க அண்ணி ஹேண்ட்பிரேக்கை இறக்காமலே ஓட்டியிருக்கா, பாவம். இனிமே நானே கொண்டுவிடலாம்னு இருக்கேன். முடியற நாள்ல."

அவள் எதிரே வந்து நின்றாள். "சாவி எங்கங்க?"

"எங்கிட்டதான். பத்திரமா இருக்கு."

சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். அவள் நகராததைக் கண்டு, இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.